யாரும் சொல்லாத சொல்

செலஸ்தினுக்கு வந்த வேலை ஆறே ஆறு சொற்கள்தான். அலோன், லோன்லி, லோன்லினஸ், லோன்சம், லோனர், லோன். எல்லாம் ஒரே குடும்பத்து ஆங்கிலச் சொற்கள். இவற்றுக்கு நேரான பிரெஞ்சுச் சொற்களைக் குறித்து, கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கு நான்கு மாதம் கொடுத்திருந்தார்கள்.

“ஆறு சொல்லுக்கு நாலு மாசமாம்மா?” என்று கேட்டாள் செலஸ்தின். புதுச்சேரி லாஸ்பேட்டையில் மூன்றாவது மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே திரையில், சென்னை அலுவலகத்திலிருந்து மதுவந்தி பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். எதையும் அவசரமாகப் பேசுகிற பெண்.

“மொழிபெயர்ப்பை மெஷினே அரை நொடியில பண்ணிடும் மேடம். எங்களுக்கு வேண்டியது மனுஷங்க கையெழுத்து. உடம்புக்குள்ள மருந்து போறதுக்குக் காரணமா ஒரு சொல் இருந்தா, அந்தச் சொல்லை ஒரு ஆள் பொறுப்பேத்துத் தரணும்னு பிரான்சுல சட்டம்.”

“மருந்தா?”

மதுவந்தி விளக்கினாள். தோள்பட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்ன பேட்ச் அது. நகத்தளவுதான். அது காதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும். போட்டிருப்பவர் வாய்விட்டு ‘லோன்லி’ என்று சொன்னால் ஒரு துளி மருந்தை உள்ளே விடும். அடுத்த இருபது மணி நேரத்துக்குத் தனிமை என்கிற வலி இருக்காது. போதை இல்லை, தூக்கம் இல்லை. வலி மட்டும் போய்விடும். ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் இரண்டு வருடமாக விற்கிறது. இப்போது பிரான்சுக்குப் போகிறது.

“அலோன்னு சொன்னா ஒண்ணும் பண்ணாது. அது வெறும் தகவல். லோன்லின்னு சொன்னாத்தான் வலி. இங்கிலீஷ்ல ரெண்டும் தனித்தனியா இருக்கறதால எங்களுக்கு வேலை சுலபமா போச்சு,” என்றாள் மதுவந்தி.

செலஸ்தின் சிரித்துவிட்டாள். “பிரெஞ்சுல ரெண்டுக்கும் ஒரே சொல்தாம்மா. ஸெல்.”

இருபத்திரண்டு வருடம் புதுச்சேரியில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் அவள். முதல் வகுப்பில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும், “செல்லுன்னா போன்னு அர்த்தமா டீச்சர்?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், வகுப்பே சிரிக்கும். பிறகு காதில் மாட்டிக்கொண்டால் எந்த மொழியும் புரிகிற கருவி வந்தது. மொழி வகுப்புகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். அதே வருடம் அவள் கணவர் லெயோன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவள் ஒரு நாளில் பேசுகிற பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம்: பால் பூத்தில் ஒன்று, லிஃப்டில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் வாசலில் நாலைந்து. அதனால்தான் வேலையைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் ஒத்துக்கொண்டாள். தினமும் பேச ஆட்கள் கிடைப்பார்கள் என்று மதுவந்தி சொன்னதே போதுமாக இருந்தது.

அந்த ஆட்கள் பன்னிரண்டு பேர். பிரான்சின் நடுப்பகுதியில் தனியாக வசிப்பவர்கள், சோதனைக்காக பேட்ச் போட்டுக்கொண்டவர்கள். செலஸ்தின் தினமும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கால் மணி நேரம் பேச வேண்டும். அவர்கள் ‘ஸெல்’ என்று சொல்லும்போதெல்லாம் திரையில் ஒன்று அல்லது இரண்டு என்று அழுத்த வேண்டும். ஒன்று என்றால் அலோன். இரண்டு என்றால் லோன்லி. சோதனைக் காலத்தில் பேட்ச் தானாக எதுவும் செய்யாது, அவள் இரண்டை அழுத்தினால்தான் மருந்து இறங்கும். அதை அவர்களும் தெரிந்தே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

முதல் வாரத்திலேயே வேலையின் கஷ்டம் தெரிந்துவிட்டது. மெஷினின் கையில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ‘மட்டும்’ என்று சொல்ல வந்தாலும் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஸெல்மான்’ என்கிறார்கள். ‘நானே செய்தேன்’ என்று பெருமை அடித்துக்கொள்வதற்கும் ‘தூ ஸெல்’ என்கிறார்கள். குழந்தை தானாகவே நடந்தாலும் அதே சொல், மனைவி செத்துப்போனாலும் அதே சொல். குரலைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு பேரில் கடைசி ஆள் லூசியன் மொர்வான். எழுபத்தெட்டு வயது. ஒரு சின்ன கால்வாய்க் கிராமத்தில், படகுகள் ஏறி இறங்க மதகு திறந்துவிடுகிற வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். மதகை இப்போது மெஷின் திறக்கிறது. மதகடி வீட்டில் அவர் இன்னும் இருந்தார்.

“இன்னைக்குக் கூரை ஓடுகளை நானே மாத்தினேன், மதாம். தூ ஸெல்,” என்பார். செலஸ்தின் ஒன்றை அழுத்துவாள்.

“ஏணியை யாரு பிடிச்சுக்கிட்டாங்க?”

“யாருமில்ல. அதத்தானே சொல்றேன், தூ ஸெல்னு.”

இந்த முறை அவள் விரல் கொஞ்சம் தயங்கும்.

அவருக்கு அடுத்து யாரும் பட்டியலில் இல்லை என்பதால் கால் மணி நேரம் அரை மணி ஆகும், சில நாள் ஒரு மணியும் ஆகும். அவர் கால்வாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்வார். அவள் லாஸ்பேட்டையில் மழை வருமா வராதா என்று சொல்வாள். பாதி நேரம் வேலையைப் பற்றிப் பேச்சே இருக்காது. போனை வைத்த பிறகு, தொண்டை லேசாகக் கட்டியிருப்பதை உணர்வாள். இவ்வளவு பேசி எத்தனை வருடமாயிற்று என்று தோன்றும்.

மே மாதம் அவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். பெயர் எத்தியென். மர்செய்யில் இருக்கிறான். ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர்கள் சொன்னதை அப்பா தன்னிடம் மறைத்துவிட்டார் என்று மகனுக்குக் கோபம். “மறைச்சேன்தான். பையன் பரீட்சை எழுதட்டும்னு நினைச்சேன். அவன் வந்து சேர்றதுக்குள்ள அவ போயிட்டா,” என்றார் லூசியன்.

“அவருக்கு இத எழுதியிருக்கீங்களா?”

“எழுதிக்கிட்டிருக்கேன். தினம் ஒரு வரி.”

உண்மையாகவே தினம் ஒரு வரி எழுதினார். போனில் அதைப் படித்துக்காட்டுவார். செலஸ்தின் திருத்த மாட்டாள். பழைய பழக்கத்தில் எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் சொல்வாள். ஜூன் முதல் வாரம் கடிதத்தைத் தபாலில் சேர்த்தார்.

பதில் வரவில்லை. ஐந்து நாள், பத்து நாள், பதினான்கு நாள். அவர் குரல் மெலிந்துகொண்டே போனது. கூரையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசுவதை விட்டுவிட்டார். பதினைந்தாவது நாள், “ஜெ ஸ்வி ஸெல், மதாம், நான் தனியா இருக்கேன்,” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. இரண்டை அழுத்தினாள்.

அடுத்த நாள் அவர் நன்றாகச் சாப்பிட்டதாகச் சொன்னார். குரல் தெளிந்திருந்தது. அன்றும் அந்தச் சொல் வந்தது. ஏதோ பழக்கத்தில் வந்ததுபோல இருந்தாலும் அவள் மறுபடி இரண்டை அழுத்தினாள். இப்படிப் பத்து நாள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற திருப்தி அவளுக்கு இருந்தது. லெயோன் போன பிறகு யாருக்காவது ஏதாவது செய்து பலன் கிடைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

பதினோராவது நாள் பேச்சுவாக்கில் கேட்டாள்: “மகன்கிட்டேருந்து ஏதாவது தகவல் வந்ததா?”

“ஓ, சனிக்கிழமை வந்தான்,” என்றார் லூசியன்.

“வந்தாரா? நேர்லயா?”

“நேர்லதான். ரயில்ல வந்திருக்கான். கதவுகிட்ட நின்னான். நான் நல்லா இருக்கேன், ஒண்ணும் தேவையில்லைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டான்.”

“உள்ள கூப்பிடலையா?”

“எதுக்கு மதாம்? எனக்குத்தான் ஒண்ணும் குறையில்லையே.” நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கால்வாயில் வாத்து குஞ்சு பொரித்திருப்பதைப் பற்றிப் பேசினார்.

செலஸ்தின் போனை வைத்துவிட்டுத் தன் ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் சமைக்கவில்லை.

மறுநாள் காலை மதுவந்தியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“அவர் இப்ப கஷ்டப்படறாரா மேடம்?”

“இல்ல.”

“அழறாரா?”

“இல்லம்மா.”

“அப்ப மருந்து சரியா வேலை செஞ்சிருக்கு. இதுல நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதறது?”

“வலி இருந்ததாலதாம்மா அவர் லெட்டர் எழுதினாரு. அந்த வலியைத்தான் நான் எடுத்துட்டேன். மகன் வாசல்ல வந்து நிக்கறான், இவருக்குக் கதவைத் திறக்கணும்னு தோணல. பசி எடுக்காதவன் எப்படிச் சாப்பிடுவான்?”

எப்போதும் அவசரமாகப் பேசுகிற மதுவந்தியின் குரல் தணிந்தது. “எங்க அப்பாவும் பேட்ச் போட்டிருக்காரு,” என்றாள். “கோயம்புத்தூர்ல இருக்காரு. ஆபீஸ்ல கொடுத்தாங்கன்னு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஐ ஆம் லோன்லின்னு இங்கிலீஷ்ல சொல்லக் கத்துக்கிட்டாரு. முன்னாடி தினம் ஆறு தடவ போன் பண்ணுவாரு, மீட்டிங் நடுவுலகூட. இப்ப பண்றதில்ல. நல்லா ஆயிட்டாருன்னு நினைச்சேன்.”

“நீங்க பண்ணுவீங்களா?”

“அவர் பண்றதில்லல்ல மேடம், அதனால…” அவள் முடிக்கவில்லை. “நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற ஒருத்தர் போடுவாங்க. அதையும் சொல்லிடறேன்,” என்று மட்டும் சொன்னாள்.

அன்று முதல் லூசியன் எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொன்னாலும் செலஸ்தின் ஒன்றையே அழுத்தினாள். இரண்டாம் நாள் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது.  போனில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. வயதான ஆண் அழுவதை அவள் அதுவரை கேட்டதில்லை.

“நீங்கதானே செஞ்சீங்க?” என்றார்.

“ஆமா.”

“பத்து நாள் எடுத்தீங்க, இப்ப திருப்பிக் கொடுத்துட்டீங்க. என்னைக் கேட்டீங்களா? ரெண்டு தடவையும் கேட்கலையே, மதாம்.”

 மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார். மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, எத்தியெனுக்கு இன்னொரு கடிதம் போட்டிருப்பதாகச் சொன்னார், அவ்வளவுதான்.

மருந்தே கூடாது என்று அவள் எழுதிக்கொடுத்திருப்பாள். ஆனால் பட்டியலில் இவெத் என்று ஒரு பெண்மணி இருந்தாள். எண்பத்தாறு வயது, படுக்கையை விட்டு எழ முடியாது. கூடப் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், சிநேகிதிகள் எல்லாரும் போய்விட்டார்கள். அவளுக்குக் கடிதம் எழுத ஆளில்லை, கதவைத் தட்டவும் ஆளில்லை. “நீங்க அழுத்தற நாள்லதான் நான் தூங்கறேன், கண்ணு,” என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவளிடம் போய் வலி நல்லது என்று சொல்லச் செலஸ்தினுக்கு வாய் வரவில்லை.

ஜூலை முழுவதும் அகராதிகளைப் புரட்டினாள். ‘ஸெல்’ என்று எழுதினால் பிரான்சு முழுக்க வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் மருந்து இறங்கும். ‘இஸொலே’ என்பது தீவுபோல ஒதுங்கிக் கிடப்பது, அதில் வலி இல்லை. ‘ஸொலித்தேர்’ தனிமையை விரும்புகிறவனுக்கு. கடைசியில், பள்ளிக்கூட நாட்களில் ஒரு தடித்த புத்தகத்தில் அவளே அடிக்கோடிட்டு வைத்திருந்த ஒரு சொல் அகப்பட்டது: எஸ்ஸெலே. எல்லாரும் விட்டுப் போனதால் தனித்துக் கிடக்கிறவன். லோன்லிக்கு இதைவிட நெருக்கமான சொல் பிரெஞ்சில் இல்லை. எந்த அகராதியைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

ஒரே ஒரு விஷயம். அதை யாரும் வாயால் சொல்வதில்லை. கவிதையில் எழுதுவார்கள், நாவலில் எழுதுவார்கள். சமையலறையில் உட்கார்ந்து தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிற ஆள் அந்த நாட்டில் இருக்க மாட்டார்.

லோன்லிக்கு எதிரே எஸ்ஸெலே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாரீஸில் இருந்த கம்பெனி வக்கீல்கள் அகராதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, மிகச் சரியான சொல் என்று பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள்.

சோதனை முடிகிற நாளில் பன்னிரண்டு பேரையும் கடைசியாகக் கூப்பிட்டாள். பத்துப் பேரிடம் நன்றி சொல்லி விடைபெற்றாள். இவெத்திடமும் லூசியனிடமும் மட்டும், செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள்; மருந்தை இறக்குகிற சொல் எது என்று பேட்ச் போட்டிருப்பவர்களுக்குச் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதிக்கொள்ள வைத்தாள். “இத வாய்விட்டுச் சொன்னாத்தான் அடுத்த மாசத்துலேருந்து மருந்து வரும். வேணும்னா மட்டும் சொல்லுங்க. வேண்டாம்னா சொல்லாதீங்க. இனி நான் அழுத்த மாட்டேன், நீங்கதான்.”

இவெத் எழுதிப் பார்த்துச் சிரித்தாள். “பாட்டுல வர்ற சொல் மாதிரி இருக்கு.”

லூசியன் சிரிக்கவில்லை. “சரி. இப்பவாவது கேட்டீங்களே,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நாளைக்குக் கூப்பிட மாட்டீங்களா?” என்றார்.

“இந்த லைன் கம்பெனியோடது. இன்னைக்கோட மூடிடுவாங்க.”

“புரியுது,” என்றார் அவர்.

அதன் பிறகு செலஸ்தினின் நாட்கள் பழையபடி ஆயின. பால் பூத், லிஃப்ட், கோவில் வாசல். மாலை ஏழரை மணிக்கு மட்டும், எதையோ மறந்துவிட்டவள்போல எழுந்து மேசைப் பக்கம் வந்து நிற்பாள். பிறகு போய் அடுப்பை மூட்டுவாள்.

செப்டம்பர் கடைசியில் மதுவந்தி கூப்பிட்டாள். வேலை விஷயமாக இல்லை என்று முதலிலேயே சொன்னாள்.

“பிரான்சுல பேட்ச் நாப்பதாயிரம் பேர் போட்டிருக்காங்க மேடம். ஒண்ணுமே வேலை செய்யல. ஆபீஸ்ல பெரிய மீட்டிங். பிரெஞ்சுக்காரங்களுக்குத் தனிமையே கிடையாது போலன்னு எங்க மேலிடம் முடிவுக்கு வந்திருக்கு. அத ஆராய்ச்சின்னு எழுதப் போறாங்களாம்.”

செலஸ்தின் மேசையில் கிடந்த அகராதியை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“நீங்க போட்ட சொல்லை அங்க இருக்கற ஒருத்தர்கிட்ட காட்டினேன். கடைசியா இத எப்ப வாயால சொன்னீங்கன்னு கேட்டேன். அவர் சிரிச்சாரு. நான் யார்கிட்டயும் சொல்லல மேடம். அப்பாவோட பேட்ச்சையும் எடுக்கச் சொல்லிட்டேன். நேத்து ஆறு தடவ போன் பண்ணிட்டாரு.” அவள் குரலில் அலுப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. “ஆனா ஒண்ணு. நாப்பதாயிரத்துல ஒரே ஒரு ஆள் மட்டும் தினம் அந்தச் சொல்லைச் சொல்றாங்க.”

“இவெத்,” என்றாள் செலஸ்தின்.

“இல்ல. அந்தம்மா ஒரு தடவகூடச் சொல்லல. இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க யாரோ வந்து உக்காந்து அவங்களோட பேசறாங்களாம். இது மதகடி வீட்டு லூசியன். ஆகஸ்ட் மூணாந்தேதியிலேருந்து ஒரு நாள் தவறல. அதுவும் ஒரே நேரத்துல. அங்க சரியா சாயங்காலம் நாலு மணி.”

அங்கே நாலு என்றால் இங்கே ஏழரை. பட்டியலின் கடைசி ஆளை அவள் கூப்பிடுகிற நேரம்.

அன்றே அந்தக் கிராமத்து நகராட்சி அலுவலகமான ‘மேரி’க்குப் போன் போட்டாள். புதுச்சேரிக்காரர்களும் அதை அப்படித்தான் சொல்வார்கள். எழுத்தர் பெண் மதகடி வீடா என்று கேட்டு, உடனே எண்ணைக் கொடுத்தாள். செலஸ்தின் இதை இரண்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம். கம்பெனி லைன் மூடியதும் எல்லாமே மூடிவிட்டது என்று அவளும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாற்பதுக்கு எண்ணைப் போட்டாள். அவர் எடுத்தார்.

“நான் செலஸ்தின், புதுச்சேரியிலேருந்து.”

“ஓ, மதாம். எப்படி இருக்கீங்க?”

“நீங்க எப்படி இருக்கீங்க?”

“ரொம்ப நல்லா இருக்கேன். ஒண்ணும் தேவையில்லை. கூப்பிட்டதுக்கு நன்றி,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கதவடியில் நின்ற எத்தியென் கேட்ட குரல் இதுதான் என்று புரிந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஏழு மணிக்கே மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மருந்து இருபது மணி நேரம்தான் நிற்கும். மீதி நாலு மணி நேரம் அவர் அவராகவே இருப்பார், வலியோடு. ஏழு பதினைந்துக்குக் கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தது.

“யாரு?” என்றது லூசியனின் குரல். வறண்டு, உடைந்திருந்தது.

“நான்தான்.”

 நாற்காலியை இழுக்கிற ஓசை கேட்டது. “நேத்து கூப்பிட்டீங்க. நான் வச்சுட்டேன். இப்பதான் அது உறைக்குது,” என்றார். பிறகு, “எத்தியென் ரெண்டாவது லெட்டருக்கும் பதில் போடல,” என்றார்.

“மூணாவது எழுதினீங்களா?”

“நாலு மணிக்கப்புறம் எழுதணும்னு தோண மாட்டேங்குது.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி கை நடுங்குது.”

“சரி, நீங்க சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்,” என்று காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டாள் செலஸ்தின்.

அவர் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில், அவர் வீட்டுக் கடிகாரம் நாலு அடித்தது. அவர் நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல் வருமோ என்று செலஸ்தின் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல நா எழும்பியது. சொல்லவில்லை.

“எதுவரைக்கும் சொன்னேன்?” என்றார் லூசியன்.

“‘என் அன்பு மகனே, அன்னைக்கு நீ வாசல்ல நின்னப்போ’ வரைக்கும்,” என்று படித்துக்காட்டினாள்.